‘அறியேன்’ என்று கூறும் கடமை

வாக்குறுதி பற்றி ஒழுக்கவியல் நூல்கள் கூறுவன பெரும்பாலும் இருவகை மனிதரைப் பற்றியனவாகவே உள்ளன. சொன்னதைச் செய்வோர் ஒரு வகையினர். செய்வதாகக் கூறிச் செய்யாது விடுவோர் மற்றொரு வகையினர். செய்ய இயலுமோ இயலாதோ எனத் தாமே அறியாத நிலையில் நாட்களைக் கடத்தும் மூன்றாம் வகையினர் பற்றி அந்நூல்கள் அதிகம் பேசுவதில்லை. ஆயின், உலகில் அவர்களே மிகுதி. இவ்விதழுக்குக் கட்டுரை தருவதாக ஒப்புக்கொண்டு, பின்னர் ஏழு வாரங்கள் இதழாசிரியரின் கண்ணிற் படாது நூலகத்தின் பின்வாயிலால் நடமாடிய இக்கட்டுரையாளனும் அவர்களுள் ஒருவன். இம்மூன்றாம் வகையினர் தம்மை எதிர்பார்த்திருப்போருக்குக் கடன்பட்டது யாது? இவ்வினாவை ஆராய நான் எடுத்துக்கொள்ளும் சான்று சற்று விசித்திரமாகத் தோன்றக்கூடும். அது இங்கிலாந்தில் பேஸ் கிற்றார் செய்யும் ஒரு சிறு பட்டறையின் கதை.

பேஸ் கிற்றார் என்பது பெரும்பாலும் நான்கு தடித்த தந்திகளைக் கொண்டது. சாதாரண கிற்றாரின் கீழ்நான்கு தந்திகளிலும் ஒரு தாயி இறங்கி ஒலிப்பது. இதனை முதன்முதலிற் பெருந்தொகையாகச் செய்து விற்றவர் அமெரிக்கரான லியோ பெண்டர். அவருடைய ‘பிரசிஷன் பேஸ்’ 1951இல் வெளிவந்தது. அது தொழிற்சாலைப் பொருள். ஒரு தொழிலாளி விலகினால் இன்னொருவர் அவ்விடத்தில் நிற்பார். கருவி தொடர்ந்து வரும். இதற்கு நேர்மாறானது இயன் வோலர், பீற் ஸ்டீவன்ஸ் என்னும் இருவர் உருவாக்கிய ‘வோல்’ என்னும் கருவி. வோலர் என்ற பெயரின் முற்பகுதியே கருவியின் பெயராயிற்று. வோலர் இலத்திரனியல் நுட்பம் அறிந்தவர். ஸ்டீவன்ஸ் மரவேலையில் வல்லவர். 1970களில் தொடங்கிய அவர்களது முயற்சி, ஹை விக்கம் நகரில் ‘இலெக்ட்ரிக் வூட்’ என்ற பெயருடன் நடந்தது. தளபாடத் தொழிலுக்குப் பேர்போன நகரம் அது என்பது இங்குப் பொருத்தமாகவே அமைந்துள்ளது.

கருவியின் அமைப்பைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் ஒழுக்கவியற் சிக்கல் அவ்வமைப்பினுள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான மின்கிற்றார்களில் தந்திகள் அனைத்தின் அதிர்வையும் ஒரே சுருட்தொகுதி வாங்கி மின்னாக மாற்றும். வோலர் ஒவ்வொரு தந்திக்கும் தனிச் சுருள்களை அமைத்தார். அவற்றிலிருந்து வரும் ஒலியைச் செம்மைப்படுத்த, சாதாரணக் கருவிகளிற் காணப்படும் தடிப்பொலி மெல்லொலித் திருகுகளை விடுத்து, ஒலித்தொகுப்பிக் கருவிகளில் உள்ளவை போன்ற வடிகட்டிச் சுற்றொன்றைப் புகுத்தினார். ‘றஷ்’ குழுவின் கெடி லீ 1980களின் நடுப்பகுதியிலும், ‘ரூல்’ குழுவின் ஜஸ்ரின் சான்சலர் பிற்காலத்திலும் இக்கருவியை விரும்பி வாசித்தமைக்கு இவ்வொலியே காரணம். போல் மக்கார்ட்னியும் ஒன்றை வைத்திருந்தார். ஆனால், இத்தனிச்சிறப்பே இக்கருவியின் வலுவின்மையுமாகும். வயலினின் பலகை பிளந்தால் தேர்ந்த கைவினைஞர் எவரும் ஒட்டுவார். வோலின் சுருளோ சுற்றோ பழுதானால், அதைச் செய்தவரை நோக்கியே திரும்பவேண்டியிருக்கிறது.

1988இல் வோலர் இறந்தார். ஸ்டீவன்ஸ் தொடர்ந்து கருவிகளைச் செய்தார். பல ஆண்டுகளின் பின் அவருடைய உடல்நலமும் குன்றிற்று, உற்பத்தி நின்றது. மீண்டும் தொடங்குமா, தொடங்காதா என்ற ஐயம் எழுந்தது. ஏறத்தாழ 2009ஆம் ஆண்டளவில் போல் ஹேர்மன் என்பவர் பொறுப்பேற்றதன் பின்னரே புதிய கருவிகள் மீண்டும் வந்தன. நிகழ்ந்து முடிந்தபின் நோக்குகையில் அந்த இடைக்காலம் ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. அதனுள் இருந்தோருக்கு அது அவ்வாறு தோன்றியிராது. நோயுற்ற ஒரு மனிதர் மீது குற்றஞ் சாட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவருடைய நிலையில் நிற்கக்கூடிய எவருக்கும் எழும் வினாவே நமக்கு வேண்டியது.

இத்தகைய பட்டறையொன்றில் முற்பணம் செலுத்திக் காத்திருக்கும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் செல்வந்தராக இருக்கவேண்டியதில்லை. இசைக்குழுவொன்றில் இரவுதோறும் வாசித்துச் சிறுகச் சிறுகச் சேர்த்தவராக இருக்கலாம். இருபத்தைந்து வயதில் பணம் கட்டுகிறார். பட்டறையிலிருந்து செய்தி வருவது குறைகிறது. நின்றுவிட்டது என்று ஒருவர் கூறுகிறார். விற்கப்போகிறார்கள் என்று மற்றொருவர் கூறுகிறார். பழைய கருவிகளின் விலை ஏறுகிறது. அவரோ வேறு கருவி வாங்குவதா, பொறுத்திருப்பதா என்று அறியாது பழைய கருவியுடனேயே காலங்கழிக்கிறார். அவர் இழப்பது பணத்தை மட்டுமன்று. கை இளமையாய் இருக்கும் ஆண்டுகளையும் இழக்கிறார்.

கான்ற் 1785இல் வெளியிட்ட ஒழுக்க மெய்யியல் நூலில் பொய் வாக்குறுதியை எடுத்து ஆராய்கிறார். திருப்பித் தர இயலாது என்று நன்கு அறிந்தும், தருவதாகக் கூறிக் கடன் வாங்குபவனே அவருடைய சான்று. அவனைக் கண்டிப்பது எளிது. நமது கைவினைஞர் அத்தகையவர் அல்லர். பணம் வாங்கிய நாளில் அவர் உண்மையே பேசினார். பின்னர் உடல் தளர்ந்தது. இன்றும் ‘இயலாது’ என்று அவர் அறியார். ‘இயலலாம்’ என்றே நம்புகிறார். பொய்யைப் பற்றிய கோட்பாடு இவரை அணுகவில்லை. ஹியூம் கூறும் வழியில் சென்றால் சிறிது தூரம் போகலாம். அவருக்கு வாக்குறுதி என்பது இயற்கையிலேயே உள்ள கட்டு அன்று. ஒருவரையொருவர் நம்பிக் கருமம் ஆற்றுவதற்காக மனிதர் அமைத்துக்கொண்ட வழக்கம். அவ்வாறாயின், கைவினைஞரின் கடமை அவருடைய சொல்லுடன் முடிவதில்லை. அச்சொல்லை நம்பி மற்றவர் தமது வாழ்வை எவ்வாறு ஒழுங்கு செய்துள்ளார் என்பதையும் அது உள்ளடக்குகிறது.

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. அதனை நான் எளிதில் ஒதுக்க விரும்பவில்லை. கைத்தொழில் நம்பிக்கையால் நிற்பது. ‘தொடர்வேனோ என்று அறியேன்’ என்று ஒருவர் வெளிப்படக் கூறினால், அச்சொல்லே தொழிலை வீழ்த்திவிடலாம். மரம் விற்பவர் கடன் கொடார். உதவியாள் வேறிடம் தேடுவார். காத்திருப்போர் அனைவரும் ஒரே நாளிற் பணத்தைத் திருப்பிக் கேட்பர். மௌனமாக இருந்திருந்தால் ஆறு மாதத்தில் எழுந்து வந்திருக்கக்கூடிய பட்டறை, உண்மை பேசியமையால் மூடப்படும். மேலும், நோய் ஒருவரின் அந்தரங்கம். தமது மருத்துவரின் சொல்லைத் தந்தி வாங்குவோர் முன் விரித்துவைக்கும்படி யாரும் கேட்கமுடியாது. நோயாளி தன்னிடமே ‘அறியேன்’ என்று சொல்லிக்கொள்வது கூட, நலம்பெறும் முயற்சியைக் கைவிடுவதாகத் தோன்றலாம்.

இம்மறுப்பின் வலிமையை ஏற்கும் வேளையில் எனக்கு நேர்ந்ததைக் கூறவேண்டும். ஏழாவது வாரத்தில் இதழாசிரியர் என்னை விடுதி வாயிலில் மறித்தார். கட்டுரை எங்கே என்று அவர் கேட்பாரென எண்ணி, பாதி உண்மையான பல காரணங்களைத் தயார் செய்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. “அந்தப் பக்கங்களை வேறொருவருக்குக் கொடுக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லும்” என்றார். நான் ஏன் எழுதவில்லை என்பதில் அவருக்கு எவ்வித அக்கறையும் இருக்கவில்லை. எனது மௌனம் காத்தது எனது நம்பிக்கையை. கட்டிப்போட்டது அவருடைய கைகளை.

காத்திருப்பவருக்கு வேண்டியது நோயின் வரலாறு அன்று. தாம் விடுவிக்கப்பட்டவரா என்பதே அவருக்கு வேண்டியது. ‘எப்போது முடியும் என்று கூற இயலாதுள்ளேன், விரும்பினால் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம், விரும்பினால் உமது இடம் அப்படியே இருக்கும்’ என்று எழுதுவதற்கு அந்தரங்கம் எதனையும் திறக்கவேண்டியதில்லை. 1930இல் வெளிவந்த தமது நூலில் டபிள்யூ. டி. றொஸ் ஒரு முக்கியமான கருத்தைக் கூறுகிறார். பெரிய கடமையொன்றின் பொருட்டு வாக்குறுதியை மீற நேர்ந்தாலும் அவ்வாக்குறுதி இல்லாதொழிந்துவிடுவதில்லை. மனத்தில் ஓர் உறுத்தலையும், ஏதோ ஒருவகையில் ஈடுசெய்யும் கடமையையும் அது விட்டுச்செல்கிறது. நோய் கைவினைஞரைக் கருவி செய்யும் கடமையிலிருந்து விடுவிக்கலாம். எஞ்சியுள்ளதிலிருந்து விடுவிப்பதில்லை. அந்த எஞ்சிய கடமைக்கு வேண்டுவது உளியன்று. ஒரு கடிதமே போதும்.

இதனால் தொழில் வீழுமாயின்? வீழட்டும் என்று சொல்ல மனம் துணியவில்லை. எனினும் பழைய வாக்குறுதிக்கும் புதியதற்கும் இடையே ஒரு கோடு உண்டு. ஐயம் தோன்றுமுன் வாங்கிய பணத்தைப் பற்றிச் சிலகாலம் பேசாதிருத்தலை மன்னிக்கலாம். ஐயம் தோன்றியபின், அதனை மறைத்துப் புதிய முற்பணம் ஒன்றை வாங்கும் கணத்தில் நமது கைவினைஞர் கான்ற் கூறிய மனிதனுக்கு மிக அருகே வந்துவிடுகிறார். கோரிக்கை ஏட்டை மூடிவைப்பது அவரால் இயலும் செயல். அதற்கு எவரிடமும் எதனையும் விளக்கவேண்டியதுமில்லை.

ஏற்கெனவே கருவியை வாங்கியோரின் உரிமை வேறு. அவர்களுக்குக் கொடுத்த சொல் நிறைவேறிவிட்டது. ஆயினும், தம்மைத் தவிர எவராலும் திருத்த இயலாத பொருளைச் செய்தவர், அவ்வியலாமைக்கும் ஓரளவு பொறுப்பாளியே. பெயரைக் கைமாற்றுவதால் மட்டும் இப்பொறுப்புத் தீர்ந்துவிடாது. 1965இல் பெண்டர் தமது நிறுவனத்தை சீ. பீ. எஸ். என்ற பெருநிறுவனத்துக்கு விற்றார், பெயர் மாறவில்லை. இன்றுவரை வாசிப்போர் அவ்விற்பனைக்கு முந்திய கருவிகளையும் பிந்தியவற்றையும் வேறு பிரித்தே பேசுகின்றனர். 1737இல் இறந்த ஸ்ராடிவாரியின் வயலின்கள் அவர் பட்டறை மறைந்தபின்னும் வாழ்கின்றன. அவை பிறர் கையால் திருத்தத்தக்கனவாய் இருந்தமை அதற்கு ஒரு காரணம். அவருக்குத் தம் இரகசியத்தைத் தம்முடன் கொண்டுசெல்லும் உரிமை இருந்தது எனலாம். தன் சுருள்களைத் தானே சுற்றிய வோலருக்கும் அதே உரிமை அதே அளவில் இருந்ததா என்பது எனக்கு ஐயமாகவே உள்ளது.

வோலருக்கு எவரிடமும் ‘அறியேன்’ என்று சொல்லும் அவகாசம் கிட்டவில்லை. அவர் அறிந்ததை அருகிலிருந்து அறிந்த ஒருவர் பட்டறையில் இருந்தார். அதனால் 1988இன் பின்னரும் அக்கருவியின் ஒலி மாறாது வந்தது. இறந்தவரின் பெயர் தலைப்பகுதியில் தொடர்ந்து பொறிக்கப்பட்டது. ஸ்டீவன்ஸின் கை தளர்ந்தபோது பட்டறையில் அவ்விடம் வெறுமையாயிருந்தது. இன்னொருவர் வந்து அதில் நிற்கும்வரை, முன்னர் விற்கப்பட்ட கருவிகளை வைத்திருந்தோர் அவற்றின் திருகுகளைச் சற்று மெதுவாகவே திருப்பியிருப்பர்.