மலைவழியும் சுமையும்

பொதியமலை முடியாகிய அகத்தியர்கூடத்திற்கு யாத்திரை செல்ல மார்த்தாண்டத்து அன்பர் நால்வர் எம்மையும் அழைத்தனர். அம்முடி 1,868 மீட்டர் உயரமுடையது. போனக்காட்டினின்று நடந்து முதல்நாள் அதிருமலையில் தங்கி, மறுநாள் முடியேறி மீண்டு, மூன்றாம்நாள் இறங்கல் வேண்டும். கேரள வனத்துறையாரின் அநுமதியும் மருத்துவச் சான்றும் முன்னரே பெறற்பாலன.

கம்பளி, மழையங்கி, மருந்து, கைவிளக்கு என ஒவ்வொன்றாய் நிறுத்து மூட்டை கட்டினோம். அறுபதைக் கடந்த எம் முழங்காலை நிறுப்பார் யார்? சான்று பெறுதல் அரிதன்று. இரக்கமுள்ள மருத்துவர் எவ்வூரினும் உளர். ‘திருவருள் ஏற்றிவிடும்’ என்றார் ஓரன்பர். ஈண்டே எமக்கு ஐயம் பிறந்தது. தன் இயலாமையை அறிந்தும் மறைத்துப் புறப்படுவோன் நம்புவது திருவருளையோ, உடன்வருவார் தோளையோ? பாறைச் சரிவிற் கால் மடங்கின், நால்வரும் தம் வழிபாட்டை விடுத்து அவனைச் சுமப்பர். அவர்க்கு அது தொண்டேயாம். அவனுக்கோ, கேளாது எடுத்துக்கொண்ட பிறர்பொருளாம். இருவினைப்பயனைத் தான் நுகர்தற்கே ஆன்மாவுக்கு உடம்பு தரப்பட்டது என்பது சித்தாந்தம். பிறர் முதுகிலேற்றுதற்கு அன்று.

அற்றேல், முதியோர் மலையை நாடலாகாதோ எனின், அற்றன்று. முன்னரே உரைத்துப் பெறும் உதவி வேறு. இடைவழியிற் சுமத்தும் உதவி வேறு.

ஆதலின் எம் முழங்காலின் நிலையை நால்வர்க்கும் கூறினோம். அதிருமலைவரை யாம் நடப்பதென்றும், மறுநாள் அவர் முடியேறி மீளுங்காறும் மூட்டைகளைக் காத்து ஆண்டிருப்பதென்றும் முடிவாயிற்று. அவருள் இளையவர் முகம் அப்பொழுது தெளிந்தது. முன்னரே அஞ்சியிருந்தார் போலும், யாம் வினவிற்றிலேம்.