அன்புக்கும் படிப்பு வேண்டுமா?

நோயாளரைப் பராமரிக்க நல்ல மனம் இருந்தால் போதும், அதற்கு ஏன் படிப்பு என்று கேட்போர் நம்மிடையே உளர். படிப்பதானால் டாக்டருக்குப் படிக்கவேண்டும், இரண்டு வருடப் படிப்பெல்லாம் ஒரு படிப்பா என்போரும் அதே வீட்டில் இருப்பர். இவ்விரு கூற்றிலும் கட்டிலிற் கிடக்கும் நோயாளியைப் பற்றிய நினைவு இல்லை.

1847ஆம் ஆண்டில் வியன்னா நகரப் பொது வைத்தியசாலையில் நடந்ததைப் பாருங்கள். அங்கு இரு பிரசவப் பிரிவுகள் இருந்தன. வைத்தியரும் வைத்திய மாணவரும் பணிபுரிந்த பிரிவில், மருத்துவிச்சிகள் பயின்ற பிரிவைவிட மிகுதியான தாய்மார் காய்ச்சலால் மடிந்தனர். பிணங்களை அறுத்துச் சோதித்த கையோடு அவர்கள் தாய்மாரைத் தொட்டதே காரணம் என இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற வைத்தியர் கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவச் செய்ததும் சாவுகள் பெருமளவு குறைந்தன. அவ்வைத்தியர்களின் நெஞ்சில் வஞ்சகம் எதுவும் இருக்கவில்லை. நல்ல மனத்தோடு நீட்டிய கைகளே நஞ்சைக் கொண்டுசென்றன. அறியாமல் செய்தால் பாவமில்லை என்று ஞானோபதேசத்திற் படித்திருக்கிறோம். அறிந்துகொள்ள வழியிருந்தும் அறியாதிருந்தால்? அந்த அறியாமைக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பதே திருச்சபையின் ஒழுக்கவியல்.

அமெரிக்காவில் சமூகக் கல்லூரி என்றோர் ஏற்பாடு உண்டு. 1951இல் மில்ட்ரெட் மொன்ராக் என்னும் தாதியக் கல்வியாளர், இக்கல்லூரிகளில் இரண்டாண்டில் தாதியரைப் பயிற்றலாம் என முன்மொழிந்தார். அடுத்த ஆண்டே சில கல்லூரிகளில் அது பரீட்சார்த்தமாகத் தொடங்கிற்று. இரண்டாண்டு என்று பெயரே தவிர, உடற்கூற்றியல், உடற்றொழிலியல், நுண்ணுயிரியல் ஆகியவற்றை முன்னரே முடிக்கவேண்டி இருப்பதால் மூன்றாண்டுக்கு மேலும் நீள்வதுண்டு. நான்காண்டுப் பட்டதாரி எழுதும் அதே உரிமப் பரீட்சையையே இவர்களும் எழுதுகிறார்கள். பகலில் வேலை செய்து, பிள்ளைகளை உறங்கவைத்துவிட்டுப் பாடம் படிக்கும் தாய்மாரும் இவர்களுள் உண்டு. (பதினெட்டு வயதில் ஒரு பரீட்சையோடு எல்லாம் முடிந்தது என்று அழவைக்கும் நம் வழக்கத்துக்கு இது நல்ல மருந்து.)

நோயாளரின் பாதுகாவலரான புனித கமில்லஸ் தமது முப்பத்திரண்டாம் வயதில், சிறுவர்களோடு வாங்கில் அமர்ந்து இலத்தீன் படித்தார். நோயாளரை அவர் எவ்வளவு நேசித்தாரோ, அவ்வளவுக்கு அவர்களை எப்படித் தூக்குவது, எப்படி உணவூட்டுவது என்பதற்கும் விதிகள் வகுத்தார்.

பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் 2005இல் எழுதிய ‘கடவுள் அன்பாயிருக்கிறார்’ என்ற சுற்றுமடலில், பராமரிப்போருக்குத் தொழில்திறன் அடிப்படைத் தேவை என்கிறார். அது மட்டும் போதாது, இதயமும் பயிற்றப்பட வேண்டும் என்றும் சேர்க்கிறார். மருந்தின் அளவைச் சரியாகக் கணக்கிடுகிறாரா என்று பரீட்சை சோதிக்கும். நள்ளிரவில் நாலாம் முறையும் மணியடிக்கும் கிழவரிடம் முகஞ்சுளிக்காமற் போவாரா என்பதை எந்தப் பரீட்சகர் சோதிப்பார்? அது வீட்டிற் கற்கவேண்டிய பாடம்.

சம்பளத்துக்காகச் செய்வது எப்படிச் சேவையாகும் என்ற கேள்வி மிஞ்சுகிறது. லூக்காஸ் சுவிசேஷத்தில் நல்ல சமாரியனையே எப்போதும் பேசுகிறோம். காயப்பட்டவனைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ளச் சத்திரக்காரன் ஒருவனும் அங்கே இருந்தான். அவனுக்கு இரண்டு வெள்ளிக்காசு கொடுக்கப்பட்டது. மேலே செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்லப்பட்டது. கூலி பெற்றதற்காக ஆண்டவர் அவனை ஒரு வார்த்தையும் குறைகூறவில்லை.