சர்வர் உள்ளே விடவில்லையா? நிமிர்ந்து உட்கார்!

அப்டேட் போட்டாய். சர்வர் உன்னை உள்ளே விடவில்லை. எஸ்எஸ்எச் கட்டளையை மறுபடி மறுபடி அடிக்கிறாய், பலனில்லை. "தொலைஞ்சேன்" என்று மனம் அலறுகிறது. அலறட்டும், நீ விசைப்பலகையிலிருந்து கையை எடு. இந்த நிமிடம் பதறிப்போய் ரீஇன்ஸ்டாலை அழுத்தினால் தரவும் போகும், தடயமும் போகும். நடந்திருப்பது ஒரு கோளாறு. கோளாறுக்குக் காரணம் உண்டு. காரணம் உள்ள எதையும் உன்னால் கண்டுபிடிக்க முடியும்!

2024 ஜூலை 1. எஸ்எஸ்எச் வாசலைக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளின் 9.8 பதிப்பு வெளியான நாள். பாஸ்வேர்டே இல்லாமல் வெளியாள் ரூட் அதிகாரத்தோடு நுழைய வழிவிடும் ஓட்டையை அது அடைத்தது. 2006-இல் அடைக்கப்பட்ட ஓட்டை, 2021-இல் வந்த 8.5 பதிப்பில் மறுபடி திறந்திருந்தது. உலகின் தலைசிறந்த நிரலாளர்கள் காவல் காக்கும் மென்பொருளிலேயே இப்படி நடக்கிறது என்றால், நீ எதற்குத் தலைகுனிய வேண்டும்?

ஆர்ச் லினக்ஸில் அந்த அப்டேட்டைப் போட்டு, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யாமல் விட்டவர்களுக்குப் புதிய இணைப்பே கிடைக்கவில்லை. ஏன்? 9.8-இல், சர்வர் பக்கம் ஓடும் எஸ்எஸ்எச்டி நிரலை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இணைப்புக்குக் காத்திருப்பது ஒன்று, வந்த இணைப்பை நடத்துவது இன்னொன்று. நினைவகத்தில் ஓடிக்கொண்டிருந்த பழைய எஸ்எஸ்எச்டியோ, ஒவ்வொரு இணைப்புக்கும் வட்டில் இருந்த நிரலைப் பழைய முறையிலேயே அழைத்தது. அங்கே உட்கார்ந்திருந்தது புதிய நிரல். அந்த அழைப்பை அது ஏற்கவில்லை. அவ்வளவுதான் சங்கதி! எஸ்எஸ்எச்டியை ரீஸ்டார்ட் செய்ததும் எல்லாம் சரியாயிற்று. மலை போலத் தெரிந்தது ஒரே ஒரு கட்டளையில் தீர்ந்தது.

ஆகவே, பிழைச் செய்தியைக் கண்டு கண்ணை மூடாதே. அதை வாசி! 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று வருகிறதா? சந்தோஷப்படு; பெரும்பாலும் இயந்திரம் உயிரோடு இருக்கிறது, அந்தப் போர்ட்டில்தான் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. உபுண்டுவில் 22.10 முதல் போர்ட்டில் காத்திருக்கும் வேலை சிஸ்டம்டியின் சாக்கெட்டுக்குப் போய்விட்டது. நீ போர்ட் 22-ஐ மாற்றி வைத்திருந்தால் முதலில் அங்கே பார். 'டைம்டு அவுட்' என்றால் பதிலே திரும்பவில்லை: ஃபயர்வால், நெட்வொர்க், அல்லது இயந்திரமே எழவில்லை. 'பெர்மிஷன் டினைடு' என்றால் வாசல்வரை வந்துவிட்டாய், சாவியைத்தான் அது ஏற்கவில்லை. 2021 செப்டம்பரில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8, ஷா-1 முறையில் ஆர்எஸ்ஏ சாவி போடும் கையொப்பத்தை இயல்பாகவே மறுக்கத் தொடங்கியது. சாவி கெட்டுவிட்டதென்று புலம்பியவர்கள் உண்டு. சாவி நன்றாகத்தான் இருந்தது. ஷா-2 தெரிந்த புதிய கிளையன்ட்டில் அதே சாவி வேலை செய்யும்!

சர்வரை வாடகைக்குத் தரும் நிறுவனங்கள் பெரும்பாலும் பிரவுசரிலேயே ஒரு கன்சோலைத் தருகின்றன. அதற்கு எஸ்எஸ்எச் தேவையில்லை. அதன் வழியே இறங்கு. லாகைப் படி. கான்ஃபிக் கோப்பைச் சோதிக்க எஸ்எஸ்எச்டியிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. தவறு எந்த வரியில் என்று அதுவே சொல்லும். கன்சோலும் கைவிட்டால் ரெஸ்க்யூ மோடில் ஏற்றி, வட்டை மவுன்ட் செய்து திருத்து. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், மாற்றுமுன் ஒரு நகல். இந்த ஒழுங்கு இல்லாத தைரியத்தை நான் தைரியம் என்றே சொல்லமாட்டேன்.

உன் தெருவில் யாருக்கும் நீ என்ன வேலை செய்கிறாய் என்று தெரியாமல் இருக்கலாம். உன் கையில் ஒரு மருத்துவமனையின் பதிவேடு இருக்கலாம், ஒரு கடையின் கணக்கு இருக்கலாம். அதைக் காப்பவன் நீ, காப்பவள் நீ! நடுங்குகிற கையோடு அந்தப் பொறுப்பைச் சுமக்காதே. நெருக்கடி வரும்வரை காத்திராதே. இன்றைக்கே, எல்லாம் நன்றாக ஓடும்போதே, கன்சோல் வழியாக ஒருமுறை நுழைந்து பார். அடுத்த அப்டேட்டின்போது திறந்திருக்கும் இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, இன்னொரு ஜன்னலில் புதிதாக லாகின் செய். அது உள்ளே விட்ட பிறகு முதல் ஜன்னலை மூடு.