இல்லத்தில் சிரிப்பும் சுன்னத்தே



கோலாசிலாங்கூர், தஞ்சோங் காராங், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்களில் கடை நடத்தும் நம்மவர்கள் வாடிக்கையாளரிடம் முகம் சுளிப்பதில்லை. தோட்டத்து மக்கள் சம்பள நாள்வரை பற்றில் சாமான் வாங்கிய காலந்தொட்டு, இன்சொல்லே நம் வியாபாரத்தின் முதல். ஆனால், இரவு வீட்டுப்படி ஏறும்போது அந்தச் சிரிப்பைக் கல்லாப்பெட்டியிலேயே பூட்டிவிட்டு வருகிறோம். அத்தாவின் (சிலர் வீட்டில் வாப்பாவின்) செருப்புச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்தினால், அதை மரியாதையென்று எண்ணிப் பெருமைப்படுகிறோம். அது அச்சமேயன்றி வேறென்ன?

தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று அக்ரஃ இப்னு ஹாபிஸ் கூறியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கம்பீரமென்று மெச்சவில்லை. இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் கிட்டாது என்றே எச்சரித்தார்கள். பேரப்பிள்ளை சஜ்தாவில் முதுகின்மீது ஏறிக்கொண்டபோது, அவசரப்படுத்த மனமின்றி சஜ்தாவையே நீட்டினார்கள். பின்னால் நின்றவர்கள் ஏதோ நேர்ந்துவிட்டதோ, வஹீ இறங்குகிறதோ என்று எண்ணினார்களாம்! அந்நாயகத்தின் உம்மத்தினரான நமக்குக் கணக்குப் புத்தகத்தை அரைமணி நேரம் மூடிவைக்க மனம் வருவதில்லை.

சிறுவர் அபூ உமைர் வளர்த்த குருவி இறந்தபோது, அவர் பெயருக்கு எதுகையாகக் குருவியின் பெயரைச் சேர்த்துச் செல்லமாக விசாரித்தவர்கள் நம் நாயகம். மனைவி மக்களுடன் கலந்திருக்கையில் மறுமை நினைவு மங்குகிறதே, நாம் முனாஃபிக்கோ என்று ஹன்ழலா (ரலி) கலங்கி வந்தார். அதற்கொரு நேரம், இதற்கொரு நேரம் என்று அவரைத் தேற்றியனுப்பினார்கள்.

விளையாட்டிலும் பொய் கூடாது. ‘வா, ஒன்று தருகிறேன்’ என்று மகனை அழைத்த தாயிடம், என்ன தரப்போகிறாய் என்று நாயகம் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார். ஒன்றும் கொடுக்காதிருந்தால் அது பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்றார்கள். நாமோ பள்ளி விடுமுறைக்கு அங்கே போவோம், இங்கே போவோம் என்று வாக்களித்துவிட்டு, சரக்கு லாரி வந்ததும் மறந்துபோகிறோம். பந்தயப் பணம் வைத்த ஆட்டமும் வேண்டாம். நம் பாட்டிமார் ஆடிய பல்லாங்குழியும் மலாய் வீடுகளின் சொங்காக்கும் ஏறத்தாழ ஒன்றே. புளியங்கொட்டை போதும், காசு எதற்கு?

இல்லாளையும் மறக்கவேண்டாம். பயணமொன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நாயகம் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். அன்னையார் வென்றார்கள். பிற்காலத்தில் மறுபடி ஓடி நாயகம் வென்றபோது, அன்றைக்கு இது ஈடென்று சிரித்தார்கள். நம் புக்கிட் மெலாவாத்தி மலைப்பாதையில் குழந்தைகளோடு நடக்கவாவது ஒரு மாலை கிடைக்காதா? கம்போங் குவாந்தானில் ஆற்றோர மரங்களில் மின்மினி பார்க்க எங்கிருந்தோ மக்கள் வருகிறார்கள். அருகிலேயே இருக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? மின்மினி இருட்டிய பின்புதான் தெரியும். அன்று ஒருநாள் மஃரிபுக்கு முன்பே கடைக்கதவை அடைத்துவிடுங்கள்.