எவருடைய எலும்பு?

புக்கிட் பாஞ்சாங்கில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் சீனப் பெரியவர் ஒருவரின் இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருந்தது. பௌத்தத் துறவியர் ஓத, பிள்ளைகள் ஊதுவத்தி ஏந்தி நின்றனர். என்னுடன் நடந்துவந்த மாணவர் கேட்டார்: "ஐயா, ஆன்மா என்று ஒன்று இல்லை என்பதுதானே பௌத்தம்? அப்படியானால் இவர்கள் யாருக்காக ஓதுகிறார்கள்?"

எல்லாச் சமயங்களும் ஒன்றையே சொல்கின்றன என்று கூறி நான் தப்பித்திருக்கலாம். அவ்விடை பணிவுடையது போலத் தோன்றும்; ஆனால் இரு சமயத்தையும் கற்காதவர் கூறும் விடை அது.

உபநிடதமும் புத்தரும் நெடுந்தொலைவு ஒரே வழியில் நடந்தவர்கள் என்பது உண்மையே. பிருகதாரணியகத்தில் யாக்ஞவல்கியர், ஆன்மா இதுவன்று, இதுவன்று என ஒவ்வொன்றாய் விலக்கிச் செல்கிறார். புத்தரும் சாரநாத்தில் ஐந்து துறவியரிடம், உரு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐந்து கந்தங்களுள் எதுவும் நானும் அன்று, எனதும் அன்று என்று காட்டினார். விலக்கியபின் எஞ்சுவது யாது என்னும் இடத்தில்தான் வழி பிரிகிறது. எஞ்சி நிற்பதே ஆன்மா என்றது உபநிடதம். அப்படி ஒன்றைப் பற்றி நிற்க விரும்புவதும் பற்றே என்றது பௌத்தம்.

தமிழில் இவ்வழக்கு இலக்கண வகுப்புக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார், சிவஞானபோதத்தின் மூன்றாம் நூற்பாவில், உயிர் உண்டு என்பதற்குக் காட்டும் காரணங்களுள் ஒன்று நம் அன்றாடப் பேச்சிலிருந்து எடுத்தது. என் உடல் என்கிறோம். உடைமை ஒன்று இருப்பின் உடையவன் அதனின் வேறாக இருத்தல் வேண்டுமன்றோ? இங்கே தமிழாசிரியர் குறுக்கிட்டு, ஆறாம் வேற்றுமைப் பொருளில் தற்கிழமை என்றும் பிறிதின்கிழமை என்றும் இரண்டு உண்டே, இது எது என்று கேட்கலாம். முருகனது வேல் என்பதுபோல் பிறிதின்கிழமையாயின் மெய்கண்டார் வென்றார். தேரினது சக்கரம் என்பதுபோல் உறுப்பாகிய தற்கிழமையாயின், நாகசேனர் மிலிந்த மன்னனுக்குச் சொன்ன தேர் உவமை வந்து நிற்கும்: சக்கரமும் அச்சும் நுகமும் சேர்ந்ததற்குத் தேர் என்பது வெறும் பெயர், அவற்றை நீக்கியபின் தேர் என ஒன்று தனியே இல்லை. வேற்றுமை உருபு எவர் பக்கமும் சாட்சி சொல்லும் என்பதே என் எண்ணம். வழக்கு அதனால் தீராது.

உண்மையான இடர் வேறோரிடத்தில் உள்ளது. நிலைத்த 'நான்' இல்லையெனில், செய்த வினைக்கு யார் பொறுப்பு? பௌத்தப் புலவராகிய சீத்தலைச் சாத்தனார் இவ்வினாவை மறைக்கவில்லை. மணிமேகலையின் 25ஆம் காதையில் அதைக் கதையாகவே நிறுத்துகிறார். (1898இல் உ.வே.சா. இந்நூலை அச்சேற்ற முயன்றபோது பௌத்தக் கருத்துகளை விளக்க ஆள் கிடைப்பதே அரிதாயிற்று. ரங்காசாரியரிடம் கேட்டே தெளிந்தார். வழக்கின் ஒரு தரப்பார் தமிழகத்தை விட்டு மறைந்து நெடுங்காலம் ஆகியிருந்தது.)

அமுதசுரபி ஏந்திய ஆபுத்திரன், பஞ்சத்தில் வாடிய சாவக நாட்டுக்குக் கப்பலேறுகிறான். சாவகம் என்பது நமக்கு அண்டையிலுள்ள சாவாத் தீவே என்பர். வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுக் கப்பல் போய்விடுகிறது. உண்பிக்க ஓர் உயிரும் இல்லாத தீவில், தான் மட்டும் உண்டு வாழ மனமின்றி, உண்ணாதிருந்து உயிர் விடுகிறான். அவனைத் தேடி வந்த ஒன்பது செட்டிகளும் துயரத்தால் அங்கேயே மாள்கின்றனர். அவனோ சாவகத்திலேயே பிறந்து புண்ணியராசன் என்னும் மன்னனாகிறான். பின்னர் மணிமேகலையுடன் அத்தீவுக்கு வருபவனைத் தீவதிலகை இடித்துரைக்கிறாள்: தன்னுயிரைப் போக்கியதோடு, தனக்கு இரங்கி வந்தவர் சாவுக்கும் அவனே காரணமாம். மன்னன் மணலைத் தோண்டுகிறான். முற்பிறவியில் தான் விட்டுச் சென்ற எலும்புக்கூடு கிடக்கிறது.

எவருடைய எலும்பு அது? சைவர்க்கு விடை எளிது: ஓருயிர், ஈருடல். பௌத்தர், அவனே என்பதும் இல்லை, வேறொருவன் என்பதும் இல்லை. முன்னிரவில் எரிந்த சுடரும் பின்னிரவில் எரியும் சுடரும் போல என்பர். இவ்வுவமை எனக்கு முழு நிறைவு தருவதில்லை. சுடருக்குப் பழி இல்லை, மன்னனுக்கு உண்டு. எனினும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் நாகபுரத்து அரசன், இக்கடனெல்லாம் எவனோ ஒருவனுடையது என்று கைகழுவ அவனுக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. அவன் அதைச் சொல்லவில்லை, கலங்கி நிற்கிறான்.

அந்நிலையில்தான் மணிமேகலை அவனுக்கு அறத்தை உரைக்கிறாள். உயிர்களுக்கு உணவும் உடையும் உறைவிடமும் அளிப்பதே அறம் என்னும் அப்பகுதியைப் பள்ளியில் மனப்பாடம் செய்யாதவர் நம்முள் குறைவு. அது தன் எலும்பின்முன் நின்றவனுக்குச் சொல்லப்பட்டது என்பதை நாம் மாணவர்க்குச் சொல்வதில்லை. நானும் பல ஆண்டுகள் சொன்னதில்லை.

இவ்வளவையும் கேட்ட மாணவர் சற்று நேரம் பேசாமல் நடந்தார். பிறகு, "ஐயா, அந்த ஒன்பது செட்டிகளின் எலும்பைப் பார்த்தாவது, இவை என்னுடையவை அல்ல என்று அரசன் சொல்லியிருக்க முடியுமா?" என்றார். பேருந்து நிறுத்தம் வரும்வரை அதையே பேசிக்கொண்டு சென்றோம்.