யாத்திரையா, வீண் அலைச்சலா?



இல்லறத்தாராகிய நமக்கு ஆசாரியர் சமந்தபத்திரர் வகுத்தருளிய குணவிரதங்கள் மூன்று. செல்லும் திசைக்கு எல்லை வகுப்பது திக்விரதம். பயனற்ற தீமையினின்று விலகுவது அனர்த்ததண்ட விரதம். நுகர்பொருளுக்கு அளவு செய்வது போகோபபோக பரிமாணம். இவற்றுள் இரண்டாவதை விளக்குமிடத்து, பயனில் தீமை ஐந்தினை ஆசாரியர் எடுத்துரைக்கின்றார். அவற்றுள் ஒன்று பிரமாதசரியை. காரணமின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரை அலைத்தல், தீயை மூட்டுதல், காற்றை எழுப்புதல், செடிகொடிகளை அறுத்தல் ஆகியவற்றோடு, வீணே திரிதலையும் பிறரைத் திரியச் செய்தலையும் அவர் சேர்த்துரைப்பது நம் கருத்திற்குரியது. இரத்தினகரண்டக சிராவகாசாரம் கூறும் இவ்வறங்களைத் தமிழில் நமக்கு வழங்கும் நூல் அருங்கலச்செப்பு.

வீணே திரிதல் தீமையெனில், பேருந்து அமர்த்திக் கொண்டு குழுவாக ஊர்தோறும் நாம் செல்லும் பயணங்கள் எவ்வகையின? இவ்வினாவுக்கு விடை பயணத்தின் தொலைவில் இல்லை, பயனில் உள்ளது. சென்றவன் திரும்பும்பொழுது அவனுடைய நற்காட்சி உறுதிப்பட்டிருக்குமாயின் அது யாத்திரை. வாங்கிய பொருள்களின் மூட்டை மட்டும் பெருத்திருக்குமாயின் அது அலைச்சல்.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் வாழும் நம்மவர் சம்மேதசிகரத்திற்கும் சிரவணபெளகொளத்திற்கும் ஆர்வத்தோடு செல்கின்றனர். பாண்டி நாட்டில் நம் முன்னோர் விட்டுச் சென்ற செல்வத்தைக் கண்டோர் அவர்களினும் குறைவே. விருதுநகர் மாவட்டத்து அருப்புக்கோட்டைப் பகுதியிலுள்ள குறண்டி, ஒரு காலத்தில் வெண்புநாட்டுத் திருக்காட்டாம்பள்ளி விளங்கிய ஊர். அப்பள்ளியைச் சார்ந்த மாணாக்கர் செய்வித்த திருவுருவங்களை மதுரைச் சமணர்மலைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அதே பகுதியிலுள்ள கோவிலாங்குளத்திலும் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் உள்ளன.

அங்கிருந்து தெற்கே சென்றால் கழுகுமலை. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலந்தொட்டுச் செதுக்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட திருவுருவங்கள் அப்பாறையில் நிரைநிரையாக அமைந்துள்ளன. பார்சுவநாதரும் பாகுபலியும் அம்பிகையும் பதுமாவதியும் அங்கே காட்சி தருகின்றனர். அவற்றின் கீழுள்ளவை வட்டெழுத்துகள். அறிந்த வழிகாட்டி ஒருவர் உடன் வாராவிடில் நம் கண்ணுக்கு அவை வெறுங்கீறல்களே. அவர் படித்துச் சொல்லுங்கால், குரத்தியார் எனப்பெற்ற பெண் ஆசிரியைகளின் பெயர்கள் எழுந்து வருகின்றன. சித்தாந்தம் உரைப்போர்க்கு உணவளித்த அறம் தெரிய வருகின்றது. பெண்கள் ஆசிரியராக அமர்ந்து அறம் போதித்த மரபு நம்முடையது என்பதை நம் பெண்மக்கள் அப்பாறையின் முன் நின்று கேட்பது எத்துணைப் பேறு!

இனி, இவ்வழியில் ஒரு சோதனையும் உண்டு. கழுகுமலைக்குச் செல்வோரும் மீள்வோரும் பெரும்பாலும் சாத்தூர், சிவகாசி வழியே செல்வர். தீபாவளிக்கு முந்திய திங்களாயின் பேருந்து பட்டாசுக் கடை முன் நிற்கும். "குழந்தைகள் கேட்கின்றார்கள், இங்கே விலை மலிவு" என்பர். நாம் சிந்திக்க வேண்டிய இடம் அதுவே.

தீபாவளி நமக்கு யாருடைய நாள்? கி.மு. 527-இல் பாவாபுரியில் பகவான் மகாவீரர் வீடுபேறெய்திய நாள். அந்நகரில் விளக்கேற்றி வழிபட்டதையும், ஆண்டுதோறும் மக்கள் அதனைக் கொண்டாடுவதையும் கி.பி. 783-இல் நிறைவுற்ற ஜினசேனரின் அரிவம்ச புராணம் கூறுகின்றது. ஏற்றியது விளக்கு, வெடித்தது ஒன்றுமில்லை. எவ்வுயிர்க்கும் அச்சம் தாராதிருந்த பெருமானின் நாளில், கூட்டிலுள்ள பறவையும் தெருவிலுள்ள நாயும் நடுங்குமாறு தீ மூட்டுவது பிரமாதசரியை அன்றி வேறென்ன?

இதனைக் கேட்கும் இளைஞர், "அங்கு வேலை செய்வோர் எவ்வாறு பிழைப்பர்?" என்று வினவுவர். நேர்மையான வினா. மழை குறைந்த அக்கரிசல் பூமியில், 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்து தொடங்கியதே இத்தொழிற்பெருக்கம். எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறிட்டது. அவர்களை இகழ்வது அறமன்று. அதுவும் மனத்தால் செய்யும் இம்சையே. ஆயினும் அச்சோற்றின் விலையையும் நாம் அறிதல் வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்திலும் பலர் உயிரிழந்தனர். மருந்து கலக்கும் அறையில் ஓர் உராய்வு போதும். நாம் கொளுத்தும் ஒரு நொடி வெளிச்சத்திற்காக ஒருவர் நாள் முழுதும் அவ்வறையில் அமர்ந்திருக்கின்றார். தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் ஆகிய மூவழியாலும் வினை வந்தடையும் என்பது நம் ஆகமக் கொள்கை. விலை கொடுப்பவன் அம்மூன்றுக்கும் புறத்தே நிற்பவன் அல்லன்.

அவ்வூர்க்கு உதவ வேறு வழியும் உண்டு. சிவகாசி அச்சுத் தொழிலாலும் பெயர் பெற்றது. நாட்காட்டியும் நோட்டுப் புத்தகமும் அங்கே வாங்கலாம். நம் சிறு நூல்களை அங்கே அச்சிடலாம். நம் பணம் அவ்வூர்த் தொழிலாளரைச் சேரும். அது ஞானதானமாகவும் ஆகும்.

ஆதலின் அடுத்த யாத்திரைக்குப் புறப்படுமுன் சில நியமங்கள் கொள்வோம். எவ்வூர் வரை செல்வது என்று எல்லை குறித்துப் புறப்படுவோம். நீரை வடிகட்டி உடன் கொள்வோம். கதிரவன் மறையுமுன் உணவு முடியுமாறு பயணத்தை வகுக்கச் சொல்வோம். திருவுருவங்கள் மீது எண்ணெய் பூசாமலும் எழுதாமலும் காப்போம். கண்டதைக் குழந்தைகள் ஊர் திரும்பியதும் நம் ஜினாலயத்தில் எடுத்துரைக்கச் செய்வோம்.

கழுகுமலைப் பாகுபலி அசைவின்றி நிற்கின்றார். நில்லாது ஓடும் நம் மனம் அவர் முன் ஒரு முகூர்த்தம் நிற்குமாயின், நாம் கடந்து வந்த வழியனைத்தும் யாத்திரையாகும்.

திருவறம் ஓங்குக!