ஸ்டாக்ஹோமுக்குப் போகலாமா?

ஸ்டாக்ஹோமில் வேலை பார்க்கும் நண்பன் மூன்று வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். "ஜூலைல வராதடா. பாதிப் பேர் லீவு போட்டுட்டு ஊரைக் காலி பண்ணிருவாங்க. ஆகஸ்ட் கடைசில வா, வெயிலும் இருக்கும், ஆளும் இருக்கும்" என்றான். அந்த நாட்களில் அங்கே பகல் தினமும் ஐந்து நிமிடம் போலக் குறைந்துகொண்டு வரும். காட்டில் லிங்கன்பெரி பழுத்திருக்கும். வீட்டைச் சுற்றியிருக்கும் இடத்தை விட்டுவிட்டால், யாருடைய காட்டிலும் யாரும் நடக்கலாம், பழம் பறிக்கலாம். அது அங்கே எல்லாருக்குமான உரிமை. வேலிகளைப் பார்த்தே வளர்ந்த எனக்கு இது ஒன்றே போதுமாக இருந்தது.

சென்னையில் உட்கார்ந்து எக்செல் ஷீட் போட்டேன். பதினோரு நாள், மூன்று தலைநகரங்கள்: ஸ்டாக்ஹோம், ஓஸ்லோ, கோபன்ஹேகன். நடுவில் இரண்டு குட்டி விமானங்கள். முதல் வரியில் வாசா மியூசியம்.

வாசா ஒரு போர்க்கப்பல். 64 பீரங்கிகள். 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோமிலிருந்து கிளம்பி, முதல் பயணத்திலேயே, சுமார் 1,300 மீட்டர் போவதற்குள் காற்றில் சாய்ந்து மூழ்கியது. 1961இல்தான் வெளியே எடுத்தார்கள். மூழ்கியதைவிட, அதற்கு முன்னால் நடந்ததுதான் என்னைத் தொந்தரவு செய்தது. முப்பது மாலுமிகளைத் தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுக் கப்பலைச் சோதித்திருக்கிறார்கள். மூன்றாவது ஓட்டத்தில் கப்பல் பயங்கரமாக ஆட, துணைத் தளபதி ஃபிளெமிங் சோதனையை நிறுத்திவிட்டார். பயணத்தை யாரும் நிறுத்தவில்லை. அரசர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். பிறகு விசாரணை நடந்தது, ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

ஷீட்டில் இரண்டாவது வரி, ஸ்வீடன் நாடாளுமன்றம். 2018 ஆகஸ்ட் 20 அன்று, பதினைந்து வயது கிரெட்டா துன்பர்க் பள்ளிக்குப் போகாமல் அதன் வெளியே ஒரு பலகையோடு உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் அங்கே பரவிய ஒரு சொல் ஃப்ளீக்ஸ்காம். விமானத்தில் பறப்பதால் வரும் வெட்கம். அப்படி வெட்கப்பட்ட ஊருக்குப் பறந்துபோய், அந்த வாசலில் நின்று போட்டோ எடுப்பதா?

நண்பனிடம் சொன்னேன். சிரித்தான். "அவங்க அம்பது வருஷமாப் பறந்துட்டு இப்ப வெட்கப்படுறாங்க. நீ இதுவரைக்கும் ரெண்டு தடவை பறந்திருப்பியா? உனக்கென்னடா வெட்கம்?"

நியாயமான கேள்விதான். ஒரு இந்தியரின் சராசரி கார்பன் வெளியேற்றம் ஆண்டுக்குச் சுமார் இரண்டு டன். உலகச் சராசரியில் பாதிகூட இல்லை. இந்த எண் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, அது ஏன் அவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று யோசிக்கும்வரை. என் அம்மா விமானத்தில் ஏறியதே இல்லை. எங்கள் தெருவில் இஸ்திரி போடும் அண்ணனும் ஏறியதில்லை. இப்படிக் கோடிக்கணக்கான பேர் எங்கேயும் போகாததால்தான் அது சின்னதாக இருக்கிறது. நான் ஒருமுறை ஸ்டாக்ஹோம் போய்வந்தால் ஒரு டன்னைத் தாண்டிவிடும். அவர்களுடைய கணக்கைக் காட்டி நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேன்.

வள்ளுவர் நாணுடைமைக்கு ஒரு அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். தகாத செயலைப் பார்த்துக் கூசுவதுதான் அங்கே நாணம். அந்தக் கூச்சம் செயலைத் தொடவில்லை என்றால் அதற்கு என்ன மதிப்பு? வெட்கப்பட்டுக்கொண்டே டிக்கெட் போடுவது, சோதனையை நிறுத்திவிட்டுக் கப்பலை அனுப்புவது மாதிரிதான்.

அப்படியென்றால் போகாதே என்பீர்கள். என்னால் அதையும் முழுசாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவனைப் பார்த்து ஆறு வருடம் ஆகிறது. மனிதர்களை நேரில் போய்ப் பார்ப்பதும் நாம் ஒருவருக்கொருவர் பட்டிருக்கும் கடன்தான்.

ஷீட்டைத் திறந்து ஓஸ்லோவையும் கோபன்ஹேகனையும் அழித்தேன். பதினோரு நாளும் ஒரே ஊர். இதனால் கணக்கு நேராகிவிடாது, தெரியும். செலவுப் பகுதியில் ரூபாய்க்குப் பக்கத்தில் அந்த டன்னையும் எழுதி வைத்தேன்.

அம்மா எட்டிப் பார்த்து, "என்னடா இது, டன் கணக்கெல்லாம்?" என்றாள்.

"உன் பங்கையும் சேர்த்து நான் எடுத்துட்டுப் போறேம்மா."

"எடுத்துட்டுப் போயேன். வரும்போது அந்தப் பழம் கொஞ்சம் கொண்டா."

அம்மா சரி என்றுவிட்டாள். இஸ்திரி அண்ணனிடம் இன்னும் கேட்கவில்லை.